பிரவுன்சீ தீவில் ஐந்து நாள்: பழைய சோவியத் லென்ஸும் செவ்வணிலும்

முதல் நாள், வியாழன்

காலையில் ரெடிங்கில் ரயில் ஏறி, போர்ன்மவுத்தில் மாறி, மதியத்துக்கெல்லாம் பூல் வந்து சேர்ந்துவிட்டேன். இங்கிலாந்தின் தெற்குக் கரையில், டோர்செட்டில் இருக்கிற துறைமுக ஊர். இங்கே வந்த வேலை ஒன்றே ஒன்றுதான். துறைமுகத்துக்குள் இருக்கும் பிரவுன்சீ தீவுக்குப் போய்ச் செவ்வணிலைப் படம் எடுக்க வேண்டும், அதுவும் என்னைவிட வயதில் மூத்த ஒரு லென்ஸை வைத்து. ஐந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் அன்றைக்கு நடந்ததை எழுதிவிட்டுத்தான் தூங்குவது என்று முடிவு. சொதப்பினாலும் எழுதுவேன்.

முதலில் அந்த லென்ஸ். பெயர் டாயிர்-3. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் செய்தது. 300 மில்லிமீட்டர், அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் புகும் துளை, எஃப் 4.5. தொடர் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 76, அந்த ஆலைக் கணக்கில் அதுதான் செய்த வருடம். ஊருக்கு வெளியே ஒரு கார் பூட் சந்தையில், அதாவது கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கிற இடத்தில், பாத்திரம் பண்டத்துக்கும் பழைய மீன்பிடித் தூண்டிலுக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டி கிடந்தது. திறந்து பார்த்தால் உள்ளே துப்பாக்கி! இல்லை, துப்பாக்கி மாதிரி. சோவியத்காரர்கள் இதற்கு ஃபோட்டோஸ்னைப்பர் என்று பெயர் வைத்திருந்தார்கள். தோளில் முட்டுக் கொடுக்கும் கட்டை, கைப்பிடி, விசை எல்லாம் உண்டு. விசையை இழுத்தால் மேலே இருக்கிற கேமராவின் ஷட்டர் விழும். ராணுவத்துக்காக யோசித்த சாமான், 1965-இல் வந்த எஃப்எஸ்-3 மாடல் முதல் பொதுமக்கள் கைக்கும் வந்தது. விலை 90 பவுண்டு சொன்னார், 70-க்கு முடித்தேன்.

அந்தக் கட்டையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மாநிறத்தில் தாடி வைத்த ஓர் ஆள் அதைத் தோளில் வைத்துக்கொண்டு ரயில் நிலையத்தில் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

லென்ஸ் மட்டும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். ஃபோகஸ் செய்ய வளையம் கிடையாது, லென்ஸின் அடிவயிற்றில் ஒரு பெரிய திருகு. இடது உள்ளங்கையில் லென்ஸைத் தாங்கிக்கொண்டு அதே கை விரலால் திருகைச் சுற்ற வேண்டும். ஆட்டோஃபோகஸ் கிடையாது, மின் தொடர்பு எதுவும் கிடையாது. எம்42 மரை, அதில் ஓர் அடாப்டரைப் போட்டு என் சோனி மிரர்லெஸ் கேமராவில் மாட்டியிருக்கிறேன். கண்ணாடி மூன்றே மூன்று. ஆனால் அப்பர்ச்சரில் 16 இதழ்கள், எந்த அளவுக்குச் சுருக்கினாலும் துளை வட்டமாகவே இருக்கும். பின்னணியில் இலைகள் நடுவே தெரிகிற வெளிச்சப் புள்ளி எல்லாம் கோலமாவு உருண்டை மாதிரி மெத்தென்று விழும். அதற்கு மயங்கித்தான் வாங்கினேன்.

இன்று மதியம் பூல் பூங்காவில் பழகிப் பார்த்தேன். அங்கே இருப்பதெல்லாம் சாம்பல் அணில். கொழுகொழுவென்று, மனிதர்களைக் கண்டு கொஞ்சமும் பயமில்லாமல், ரொட்டித் துண்டுக்குக் காலருகிலேயே வரும். இது இந்த நாட்டு அணிலே இல்லை. 1876-இல் செஷயரில் ஒரு மாளிகைத் தோட்டத்தில் அழகுக்காக அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், அதற்குப் பிறகு வேறு பல தோட்டங்களிலும் விட்டார்கள், அப்புறம் நடந்ததை யாராலும் நிறுத்த முடியவில்லை. செவ்வணில் முந்நூறு கிராம் இருந்தாலே பெரிது. சாம்பல் அணில் அதைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. ஓக் விதையைப் பழுக்கும் முன்பே தின்று செரிக்கிற வயிறு வேறு. எல்லாவற்றையும் விட மோசமானது அது சுமந்து திரியும் அணில் அம்மை வைரஸ். சாம்பல் அணிலுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. செவ்வணிலுக்கு வந்தால் கண்ணும் வாயும் புண்ணாகி ஓரிரு வாரத்தில் செத்துப்போகும். இன்று பிரிட்டனில் மிச்சமிருக்கும் செவ்வணில்களில் பெரும்பங்கு ஸ்காட்லாந்தில்தான். தெற்கு இங்கிலாந்தில் அவை தப்பியது நடுவே தண்ணீர் இருக்கிற இடங்களில் மட்டும்: வைட் தீவு, இந்தத் துறைமுகத்துக்குள் இருக்கும் பிரவுன்சீ, அதன் பக்கத்தில் ஃபர்சி என்கிற குட்டித் தீவு.

பூங்காவில் 60 படம் எடுத்தேன். ஒன்பது தேறின. காலடியில் உட்கார்ந்து ரொட்டி தின்கிற அணிலுக்கே ஒன்பதுதான் என்றால் நாளைக்கு என்ன கதியோ.

இரண்டாம் நாள், வெள்ளி

அணில் சுறுசுறுப்பாக இருப்பது விடிந்த இரண்டு மூன்று மணி நேரம், அப்புறம் அந்திக்கு முன். ஆனால் தீவுக்கு முதல் படகே பத்து மணிக்குத்தான், கடைசிப் படகு மாலையில் சூரியன் மறையும் முன்பே திரும்பிவிடும். ஆக, எனக்குக் கிடைப்பது நடுப்பகல். அக்டோபர் என்பதால்தான் துணிந்து வந்தேன். இலையுதிர் காலத்தில் அணிலுக்கு மதியத் தூக்கமெல்லாம் கிடையாது, நாள் முழுக்கக் கொட்டை பொறுக்கிப் புதைக்கிற வேலை. இவை குளிர்காலத்தில் உறங்கிக் கிடக்கும் பிராணிகள் இல்லை, பனியிலும் வெளியே வந்து தின்றாக வேண்டும், அதற்கான சேமிப்பு இப்போதுதான் நடக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. காதுக் குஞ்சம். செவ்வணிலுக்குக் காது நுனியில் நீளமாக முடி வளரும், வருடத்துக்கு ஒரு தடவை. கோடையில் உதிர்ந்து மொட்டையாக இருக்கும், இலையுதிர் காலத்தில் திரும்ப முளைத்துக் குளிர்காலத்தில் நல்ல தூரிகை மாதிரி ஆகிவிடும். எனக்கு அந்தக் குஞ்சத்தில் பின்னாலிருந்து வெயில் பட்டு மின்ன வேண்டும். அந்த ஒரே படம். கண்ணை மூடினால் தெரிகிறது.

படகில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். தீவு சின்னது, சுமார் 500 ஏக்கர். கரையிறங்கும் இடத்தில் ஒரு கோட்டை, அதைத் தாண்டினால் பைன் காடு, புதர்வெளி, வடக்கே பறவைகளுக்கான உப்பங்கழி. சாரண இயக்கம் பிறந்த இடம் இது. 1907 ஆகஸ்டில் பேடன்-பவல் இருபது சொச்சம் பையன்களைக் கூட்டிவந்து கூடாரம் போட்டது இந்தத் தீவில்தான். பள்ளியில் காக்கிச் சட்டையும் கழுத்துப் பட்டையும் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றதெல்லாம் இங்கிருந்து புறப்பட்ட வினை என்று தெரிந்தபோது கொஞ்ச நேரம் அந்த மைதானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தேவாலயத்துக்குப் பின்னால் போகிற பாதையில் பதினொன்றே கால் மணிக்கு முதல் செவ்வணில். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கேமராவைத் தூக்கவே மறந்துவிட்டேன். படத்தில் பார்த்துப் பார்த்து ஏதோ நரி அளவுக்குக் கற்பனை செய்து வைத்திருக்கிறோம். கையளவுதான் இருக்கிறது. நிறத்தைச் சிவப்பு என்று சொல்வதே தப்பு. செங்கல் பொடியில் மஞ்சள் கலந்தது மாதிரி, வால் மட்டும் வெயிலில் வேறு நிறம், வயிறு சுத்த வெள்ளை. தரையில் நான்கு தாவு, மரத்தில் ஏற அரை நொடி, அடிமரத்தின் மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டது. நான் இந்தப் பக்கம் நகர்ந்தால் அது அந்தப் பக்கம். சுற்றிச் சுற்றி வந்தேன், அதுவும் சுற்றியது. மேலே போய் ஒரு கிளையில் கால்களை உதறித் தட்டி, வாலைச் சுண்டி, 'சக் சக்' என்று என்னைத் திட்டியது.

அதற்குப் பிறகு நாள் முழுக்க ஓட்டம். ஓர் அணில் தெரியும், ஓடுவேன், திருகைச் சுற்றுவேன், வியூஃபைண்டரில் ஃபோகஸ் பீக்கிங்கின் சிவப்புக் கோடு (கூர்மையாக விழும் இடத்தைக் கேமரா நிறம் தீட்டிக் காட்டுகிற வசதி) காதில் வந்து உட்காரும், அழுத்துவேன், அதற்குள் அணில் பக்கத்துக் கிளையில் இருக்கும். பீக்கிங்கை நம்பாதீர்கள் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். அணிலே சிவப்பு, அதன் மேல் சிவப்புக் கோடு, எது அணில் எது கோடு என்று பிரிவதற்குள் வேலை முடிந்துவிடும். நிறத்தை மஞ்சளுக்கு மாற்றியும் பெரிய பலன் இல்லை.

மதியம் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு பெண்மயில் வந்து நேராக எதிரே நின்றது. ஆமாம், மயில். இந்தத் தீவில் மயில் வளர்த்துவிட்டிருக்கிறார்கள். ராஜபாளையத்துக்காரன் ஐயாயிரம் மைல் தள்ளி வந்து சோறு பிரித்தால் அங்கேயும் மயில் வந்து வாய் பார்க்கிறது. கொடுக்கவில்லை. கொடுக்கவும் கூடாது.

அறைக்கு வந்து எண்ணினேன். 412 படம். தேறியது மூன்று. அந்த மூன்றிலும் ஒன்றில் அணில் முதுகு காட்டுகிறது. மற்றவையெல்லாம் ஃபோகஸ் தப்பியவை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பலவற்றில் பின்னால் இருக்கிற மரப்பட்டை கூடக் கூர்மையாக இல்லை. எதுவுமே கூர்மையாக இல்லை, எல்லாம் ஒரே பக்கமாக இழுத்துவிட்ட மாதிரி. லென்ஸில் பூஞ்சையா, உள்ளே கண்ணாடி ஏதும் நகர்ந்துவிட்டதா? தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள், சனி

ராத்திரி முழுக்கக் காற்று. காலையில் படகு இல்லை என்று பலகை மாட்டிவிட்டார்கள். ஒரு நாள் போச்சு.

கோபத்தில் படுத்துக்கொண்டே கேமராவின் மெனுவை நோண்டினேன். கண்டுபிடித்தேன். கேமராவுக்குள் சென்சாரை அசைத்துக் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி ஒன்று இருக்கிறது. புது லென்ஸ் என்றால் நான் எத்தனை மில்லிமீட்டர் என்று அதுவே கேமராவிடம் சொல்லிவிடும். டாயிர் எங்கே சொல்லும்? மின் தொடர்பே இல்லாத பிறவி. நாம்தான் மெனுவில் கையால் போட வேண்டும். போன மாதம் ஒரு பழைய 50 எம்எம் மாட்டியிருந்தேன், அந்த 50 அப்படியே கிடந்திருக்கிறது. 300-இல் வருகிற நடுக்கத்துக்கு 50-க்கு உரிய அளவில் சென்சார் அசைந்திருக்கிறது. ஆறில் ஒரு பங்கு. மோனோபாட் என்கிற ஒற்றைக்கால் தாங்கி வைத்தால் போதும் என்ற நினைப்பில் ஷட்டரை 1/160, 1/200 நொடி என்று விட்டதும் சேர்ந்துகொண்டது. லென்ஸைச் சந்தேகப்பட்டதற்கு அதனிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டேன். இனி 1/500-க்குக் கீழே இறங்குவதில்லை, அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் வெளிச்ச உணர்திறன், 3200 ஆனாலும் சரி. படத்தில் மணல் மாதிரி இரைச்சல் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், நடுக்கத்தை ஒன்றும் செய்ய முடியாது.

மழை நிற்கிற மாதிரி தெரியவில்லை, அதனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 எம்எம், எஃப் 4.5, முழுச் சட்டக சென்சார். ஆறு மீட்டர் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே பத்து சென்டிமீட்டர் சொச்சம். நான்கு மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர். இந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகிற குறைந்தபட்ச தூரம் மூன்று மீட்டர், அங்கே இரண்டரை சென்டிமீட்டர், அதாவது மூக்கு விழுந்தால் காது விழாது. அணிலின் உடம்பே வால் இல்லாமல் இருபது சென்டிமீட்டர் சுற்றி. அது ஒரு தாவு தாவினால் ஒரு மீட்டர். ஓடுகிற அணிலை இதில் பிடிப்பேன் என்று நேற்று ஓடினேன் பாருங்கள், அது லென்ஸின் குற்றமில்லை, என் திமிர். புது ஆட்டோஃபோகஸ் லென்ஸில் பழகின உடம்பு. அதில் அணில் போகிற இடத்துக்கு நாம் போகலாம், கேமரா கண்ணைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும். இதில் அப்படி நடக்காது. ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபோகஸைப் பூட்டிவிட்டு, அணில் அங்கே வருகிற வரைக்கும் உட்கார வேண்டும். நம்மூரில் கொக்குக்குத் தெரிந்த விஷயம் எனக்கு 412 படம் எடுத்த பிறகு உறைத்தது.

மதியம் கடைத்தெருவில் ஒரு கறுப்பு அட்டை வாங்கி லென்ஸுக்கு நீளமாகக் குழாய் சுற்றினேன். பழைய லென்ஸின் மேல்பூச்சு இப்போதைய லென்ஸ் மாதிரி இல்லை, வெளிச்சம் ஓரத்திலிருந்து நுழைந்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். இன்னொரு வியாதி, வெள்ளை வானத்துக்கு எதிரே கிளையைப் பிடித்தால் ஓரமெல்லாம் ஊதா நிறத்தில் கசியும். குஞ்சத்தில் பின்வெயில் வேண்டும், ஆனால் பின்னால் வானம் இருக்கக் கூடாது, இருட்டான மரக்கூட்டம் இருக்க வேண்டும். அட்டைக் குழாய் மாட்டியதும் லென்ஸ் பீரங்கி மாதிரி ஆகிவிட்டது. துப்பாக்கிக் கட்டையை வீட்டில் விட்டு வந்ததில் பிரயோஜனம் இல்லை.

ராத்திரி அக்கா வீட்டுக்கு வீடியோ கால். நேற்று தேறிய மூன்று படத்தையும் அனுப்பியிருந்தேன். அக்கா மகளுக்கு ஏழு வயது, போனைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா, இது அணில் இல்ல."

"ஏன் பாப்பா?"

"முதுகுல கோடே இல்ல. பொய் அணிலு."

இருபது நிமிஷம் சாம்பல் அணில், செவ்வணில், வில்லிபுத்தூர் மலையில் இருக்கிற பெரிய நரை அணிலுக்கும் கோடு கிடையாது என்றெல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "சரி மாமா, நாளைக்கு நிஜ அணில் எடுங்க" என்றாள்.

நான்காம் நாள், ஞாயிறு

காற்று நின்று, கழுவிவிட்ட மாதிரி வெயில். முதல் படகு. இன்று ஓடுவதில்லை.

ஆனால் எங்கே உட்காருவது? கரையிறங்கும் இடத்தில் தன்னார்வலர் ஒருவர், எழுபது வயது இருக்கும், கையில் நாலு பைன் காய் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் போனதும் கேட்டேன். அவர் அணிலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, குப்பையைப் பற்றிச் சொன்னார். அணில் பைன் காயைச் சோளக்கதிர் மாதிரி பிடித்துச் செதிலைக் கடித்துக் கடித்துத் துப்பி, ஒவ்வொரு செதிலுக்கு அடியிலும் இருக்கிற விதையைத் தின்னும். மிஞ்சுவது நடுத்தண்டு மட்டும், கடித்துப் போட்ட ஆப்பிளின் நடுப்பகுதி மாதிரி. பாதுகாப்பாக நாலு பக்கமும் தெரிகிற ஓர் அடிக்கட்டையோ விழுந்த மரமோ இருந்தால் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து தின்னும். அதைச் சுற்றிச் செதில் குவிந்திருக்கும். "பழுப்பாகக் காய்ந்து கிடந்தால் போன வாரத்துக் கதை. வெளுப்பாக, தொட்டால் பிசின் ஒட்டினால், அங்கே உட்காருங்கள்" என்றார்.

முக்கால் மணி நேரம் தரையைப் பார்த்தே நடந்தேன். தெற்குப் பக்கமாகப் பெரணிப் புதர் நடுவே வெட்டின பைன் மரத்தின் அடிக்கட்டை ஒன்று, பாசி படர்ந்து, மேலே புதுச் செதில். தொட்டேன், விரலில் ஒட்டியது. பின்னால் இருபது அடி தள்ளி அடர்ந்த பைன் வரிசை, இருட்டு. வெயில் இடது பின்பக்கமாக இறங்கி வரும். இதைவிட என்ன வேண்டும்! ஐந்து மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன், மோனோபாட்டைத் தாழ்த்தினேன், கட்டையின் மேல் பாசியில் ஒரு செதிலை வைத்து, உருப்பெருக்கிப் பார்த்துத் திருகைச் சரியாக்கி, விரலை அதிலிருந்து எடுத்துவிட்டேன்.

பதினொன்று பத்து. பன்னிரண்டு. ஒன்றும் வரவில்லை. ஒரு சிகா மான் பெரணிக்குள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது. கால் மரத்துப்போய் ஊசி குத்தியது.

உட்கார்ந்திருந்தபோது இந்தக் காடு எப்படி இப்படி இருக்கிறது என்று யோசித்தேன். இங்கே விவசாயம் இருந்தது, மண்பாண்டத் தொழில் இருந்தது, ஏற்றுமதிக்கு டாஃபடில் பூ வளர்த்தார்கள். 1927-இல் மேரி போன்ஹாம்-கிறிஸ்டி என்கிற அம்மாள் தீவை விலைக்கு வாங்கினார். அவருக்கு மனிதர்களைவிட மிருகங்கள் மேல் பிரியம். கிட்டத்தட்ட எல்லாரையும் வெளியேற்றிவிட்டுத் தீவைக் காட்டிடம் விட்டுவிட்டார். 1934-இல் பெருந்தீ பிடித்துப் பெரும்பகுதி எரிந்தது, அதற்கு மேல் ஒருவரையும் உள்ளே விடவில்லை. 1961-இல் அவர் இறந்த பிறகுதான் நேஷனல் டிரஸ்ட் என்கிற பாதுகாப்பு அறக்கட்டளையின் கைக்கு வந்து, 1963-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். குடியிருந்தவர்களை வெளியேற்றியதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனாலும் கட்டைக்குப் பின்னால் இருந்த இந்தப் பைன் கூட்டம் அந்த அம்மாளின் பிடிவாதத்தில் வளர்ந்தது. தீவில் இன்று சுமார் 200 செவ்வணில் இருக்கின்றன.

பன்னிரண்டே முக்கால். கண்ணில் படும் முன்பே காதில் விழுந்தது. மேலே எங்கேயோ 'கர்ர் கர்ர்' என்று கொறிக்கிற சத்தம், செதில் இலை மேல் சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம். அப்புறம் நகம் பட்டையில் உரசி இறங்குவது. மூச்சை அடக்கிக்கொண்டேன். பெரணி அசைந்தது, கட்டையின் மேல் அணில்.

வாயில் பைன் காய். முன்காலால் அதைத் திருப்பித் திருப்பி உரிக்கிறது. வெயில் பின்னால். வாலின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக எரிகிற மாதிரி. அழுத்தினேன். ஷட்டர் சத்தத்துக்கு ஒரு நொடி உறைந்து நின்று, மறுபடி உரித்தது. திருகை மட்டும் மயிரிழை அளவு முன்னே, பின்னே. எல்லாம் நினைத்தபடியே, ஒன்றைத் தவிர. வலது காதில் குஞ்சம் இருந்தது. இடது காதில் இல்லை. முதலில் வெயில் படவில்லை என்று நினைத்தேன். அது தலையைத் திருப்பியபோது தெரிந்தது: காது முழுக்க முடி உதிர்ந்து, தோல் தடித்து, பளபளவென்று வீங்கியிருந்தது.

இது எனக்குத் தெரிந்த விஷயம்தான், படித்திருக்கிறேன். தொழுநோய். பிரவுன்சீ அணில்களுக்கு மனிதர்களுக்கு வருகிற அதே தொழுநோய்க் கிருமி இருப்பதை 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதிலும் இங்கே கிடைத்த வகை, வின்செஸ்டரில் தோண்டி எடுத்த எழுநூறு வருடத்துக்கு முந்தைய மனித எலும்புக்கூட்டில் இருந்த கிருமிக்கு நெருங்கிய உறவு. இங்கிலாந்தில் மனிதர்களிடம் இந்த நோய் ஒழிந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது, கிருமி அணிலுக்குள் இருந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு இதனால் ஆபத்து மிகக் குறைவு, தொடாமல் தூர இருந்து பார்த்தால் போதும்.

படித்ததும் நேரில் பார்த்ததும் ஒன்றில்லை. சின்ன வயதில் எங்கள் தெருமுனைச் சுவரில் மஞ்சள் பின்னணியில் 'உணர்ச்சியற்ற தேமலா?' என்று எழுதியிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு ஒவ்வொரு தேமலையும் கிள்ளிப் பார்த்துப் பயந்திருக்கிறேன். அந்தச் சுவர் ஞாபகம் டோர்செட்டில் ஓர் அணிலின் காதில் வந்து நிற்கும் என்று யார் நினைத்தார்கள்.

அணிலுக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை போலிருந்தது. காயை முடித்தது, தண்டை வீசியது, முகத்தை இரண்டு கையாலும் துடைத்தது, இறங்கிப் போனது. நான்கு நிமிடம். 61 படம். அறைக்கு வந்து பார்த்தால் 23 கூர்மை. டாயிர் இப்படி எடுக்கும் என்று எனக்கே தெரியாது. பின்னால் பைன் இருட்டில் இரண்டு மூன்று வெளிச்ச உருண்டை, பாசியின் பச்சை, நடுவே அணில்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் இரண்டு மணி நேரம். நல்ல காது மட்டும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு படம் இருக்கிறது. நான் கனவு கண்ட அதே படம், குஞ்சம் மின்னுகிறது, சுவரில் மாட்டலாம். இன்னொன்றில் அது நேராகப் பார்க்கிறது, இரண்டு காதும் தெரிகிறது. நேராகப் பார்க்கிற படத்தைத்தான் போட்டிருக்கிறேன். கணினியில் அந்தக் காதைத் தொடவில்லை.

ஐந்தாம் நாள், திங்கள்

மாலை ரயில், அதனால் இரண்டு மணிப் படகில் திரும்பியாக வேண்டும். நேராக அதே கட்டைக்குப் போனேன். ஒற்றைக் குஞ்சக்காரர் வரவில்லை. பதினொன்றரை வாக்கில் வேறோர் அணில், இளசு, கருமை கலந்த வால், இரண்டு காதிலும் குஞ்சம். கட்டைக்கு வரவே இல்லை. செஸ்ட்நட் ஒன்றைக் கவ்விக்கொண்டு பெரணிக்கு அடியில் புதைத்தது, மனசு கேட்காமல் தோண்டி எடுத்தது, வேறு இடத்தில் புதைத்தது, இலையை இழுத்து மூடி இரண்டு கையாலும் தட்டிவிட்டது. எங்கள் அம்மா அஞ்சறைப் பெட்டியில் காசு ஒளிப்பது போலவே.

அப்புறம் அது என்னை நோக்கி வர ஆரம்பித்தது. ஐந்து மீட்டர். நான்கு. திருகைச் சுற்றிக்கொண்டே வந்தேன், படம் விழுந்துகொண்டே வந்தது. மூன்று. திருகு முட்டிவிட்டது, அதற்கு மேல் சுற்றாது. அணில் நிற்கவில்லை. என் பைக்கு மேல் ஏறி உட்கார்ந்தது, என் முழங்காலிலிருந்து இரண்டு அடி. வியூஃபைண்டரில் ஒரு செங்கல் நிறப் புகை மட்டும் தெரிந்தது. ஐந்து நாளாக ஒன்றரைக் கிலோ லென்ஸைச் சுமந்து அணில் கிட்டே வராதா என்று ஏங்கியவனிடம் இப்போது வந்து நிற்கிறது, லென்ஸால் பார்க்க முடியாத தூரத்தில்.

மெதுவாக, உட்கார்ந்த நிலையிலேயே, பின்னால் நகர்ந்தேன். ஒரு சாண். இன்னொரு சாண். அது தலையைச் சாய்த்துப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் போனால் மூன்று மீட்டர் வந்துவிடும் என்று எழுந்து ஓர் அடி பின்னால் வைத்தேன். சனிக்கிழமை பெய்த மழை பெரணிக்கு அடியில் அப்படியே தேங்கியிருந்தது எனக்குத் தெரியாது. லென்ஸை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி இடுப்புவரை சேற்றில் உட்கார்ந்தேன். விழுகிற வேகத்தில் விரல் ஷட்டரில் பட்டுவிட்டது.

ரயிலில் ஈரப் பேண்ட்டோடு உட்கார்ந்து அந்த ஒரு படத்தைப் பார்த்தேன். கீழே பெரணி, மேலே பைன் பட்டை, நடுவே சட்டகத்தை விட்டு வெளியேறுகிற ஒரு வால். வால் மட்டும் அவ்வளவு கூர்மை, ஒவ்வொரு மயிரும் எண்ணலாம். அக்கா மகளுக்கு அனுப்பினேன்.

ஐந்து நிமிஷத்தில் குரல் பதிவு வந்தது. "மாமா, இதுல முதுகே இல்ல. கோடு இருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்குறது?"